அடுத்த வீட்டின் நடுநிசி

பிறர்மீது நமக்கு உண்டாகும் எரிச்சலில் பெரும்பகுதி, அவர்களுக்கு அது எந்தப் பொழுது என்பதை நாம் அறியாததால் விளைவதே என்று சென்ற வாரம் எழுதி, அதற்குமேல் விரிக்காமல் நிறுத்தியிருந்தேன். அதை விரித்துப் பார்க்க நெய்வேலி நகரியத்தைவிட ஏற்ற ஊர் எனக்குத் தெரியவில்லை.

1957 மே மாதம் 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தாரே, அந்தச் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீர் அடைபட்டுக் கிடக்கிறது. அதை ஆழ்குழாய்க் கிணறுகளால் அல்லும் பகலும் இறைத்துக்கொண்டே இராவிட்டால், சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் மேலெழும். அனல்மின் நிலையத்துக் கொதிகலனும் நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்டுவதற்கு வீட்டு அடுப்பு அன்று. நீரும் நெருப்பும் உறங்குவதில்லையாதலால், மனிதர்கள் மூன்று ஷிப்டுகளாகப் பிரிந்து முறைவைத்து உறங்க வேண்டியதாயிற்று.

விளைவு என்னவென்றால், நகரியத்தின் ஒரே குடியிருப்பு வட்டத்தில் ஒரே சுவரின் இரு புறமும் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களில், ஒன்றுக்கு உச்சிப்பொழுதாக இருப்பது மற்றொன்றுக்கு நடுநிசியாக இருக்கிறது. நைட் ஷிப்டு முடித்து வந்தவர் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டைச் சிருஷ்டித்துக்கொண்டு கண்ணயர்கிற வேளையில், அடுத்த குவார்ட்டர்ஸில் மிக்ஸி ஓடுகிறது. தெருவில் பிள்ளைகளின் பந்து கதவில் மோதுகிறது. இதில் எவருக்கும் துர்எண்ணம் இல்லை. குற்றவாளி என்று ஒருவரையும் சுட்டிக் காட்ட முடியாது. ஆயினும், தூக்கம் கெட்டவருடைய சித்தத்தில் அடுத்த வீட்டார் ஒரு வருஷத்துக்குள் சத்துருக்களாகவே ஆகிவிடக்கூடும்.

"அக்கா, இந்த வாரம் அண்ணனுக்கு என்ன ஷிப்டு?" என்று வேலியோரம் நின்று கேட்கிற பெண்மணி, அந்தச் சத்துருத்துவத்தை முளையிலேயே தடுத்துவிடுகிறாள். இந்தக் கேள்வியின் விசேஷம், அதை ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதாது என்பதுதான். ஷிப்டு மாறும்போதெல்லாம் புதிதாகக் கேட்டாக வேண்டும். அயலாரைப் பற்றி என்றோ தெரிந்துகொண்டதை இன்றைக்கும் செல்லுபடியாகும் ஞானமாகப் பாவிப்பது நம்மில் பலருடைய சுபாவம். விழிப்போடு வாழ்வது என்று பெரியோர் உபதேசிப்பதில் பாதியாவது இந்தப் புதிதாகக் கேட்டறியும் சிரத்தையில் அடங்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன். மீதிப் பாதிக்குத் தியானம் வேண்டுமோ என்னவோ, அதைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை.

இந்தத் தாட்சண்யம் சமமானவர்களுக்குள் சுலபமாக வந்துவிடுகிறது. உத்தியோகப் படிக்கு ஏற்ப வீட்டின் அளவும் மாறுகிற ஊர் இது. தன்னைப் போன்ற நிரந்தர ஊழியரின் உறக்கத்துக்காக ரேடியோவைத் தணிக்கிற அதே மனிதர், சுற்றுக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து இரவெல்லாம் உழைத்துத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளியை, அவன் எப்போது உறங்குவான் என்ற யோசனையே இன்றி, காலை ஒன்பது மணிக்குத் தோட்ட வேலைக்குக் கூப்பிட்டனுப்புவதும், அவன் வரத் தாமதித்தால் சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்வதும் எனக்குப் பொறுக்க முடியாதவை. கேள்வியை வேலிக்கு உள்ளேயே நிறுத்திக்கொள்ளும் அன்புக்கு, பாதி சுயநலம் என்று பெயரிட்டாலும் தவறில்லை.

நெய்வேலிக்கு மிக அருகில் வடலூர் இருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1867 மே 23ஆம் தேதி இராமலிங்க அடிகளார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வைத்து மூட்டிய அடுப்பு, இன்றளவும் அணையவில்லை. அணையாமை என்ற அற்புதத்தையே பலரும் வியந்து பேசுகிறார்கள். அதன் காரியத்தைத்தான் நான் வியக்கிறேன். பசி என்பது சமைப்பவனுடைய கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. வழிப்போக்கன் எந்த நாழிகையில் பசித்து வருகிறானோ அதுவே சாலைக்கும் உணவு வேளையாக வேண்டுமென்றால், நெருப்பு முன்கூட்டியே தயாராக இருந்தாக வேண்டும். ஜீவகாருண்யத்தை ஒரு சமையலறை ஏற்பாடாக அடிகளார் அமைத்துக் காட்டியது, அதைப் பிரசங்கமாக மட்டும் விட்டுச்செல்வதைவிட எவ்வளவோ கடினமான காரியம்.

இனி, ஓய்வு பெற்றவர்கள் விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்டுக்குப் பழகிய உடம்போடு, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, விருத்தாசலத்திலோ கடலூரிலோ சொந்த வீடு கட்டிக் குடிபோகிறவர், நள்ளிரவில் எழுந்து காபி போட்டு, மனைவியின் தூக்கத்தைக் கெடுக்கிறார். அந்தத் தம்பதிகளின் வழக்கை அடுத்த வாரம் விசாரிப்போம்.