மைல் சேர்க்குமுன் பயண வழியைப் பாருங்கள்

வேலை நிமித்தம் சிங்கப்பூரிலிருந்து அடிக்கடி சென்னைக்குப் பறக்கிறேன், எந்த விமான உறுப்பினர் திட்டத்தில் சேரலாம் என்று நேயர் ஒருவர் கேட்டார். விளம்பரத்தை விடுங்கள், ஐயா. போகும் ஊர்களை எழுதிப் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர், ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி. ஏர் இந்தியாவில் பறந்தாலும் பெரும்பாலும் அதிலேயே மைல் சேரும். மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச், 2013 முதல் ஒன்வேர்ல்ட் பக்கம். இரண்டிலும் கால் வைத்தால் தங்க அட்டை எட்டாது. கிரிஸ்ஃபிளையரில் அதற்கு 12 மாதத்துக்குள் 50,000 எலைட் மைல் வேண்டும். ஓய்வறை, கூடுதல் பெட்டி எடை எல்லாம் அதன் பிறகே. மலிவு டிக்கெட்டுக்கு மைலும் குறைவு. சேர்ந்த மைல் 3 ஆண்டில் காலாவதி. டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கட்டினாலும் மைல் உங்கள் பெயரில்தான் (அலுவலக விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்!). வீட்டாரில் ஐவரைப் பதிந்து வைத்தால் அந்த மைலில் அவர்களையும் ஊருக்கு அனுப்பலாம்.