சின்னசேலம் வழி ஓடிய டீசல் எஞ்சின்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தாருக்கு நெடுங்காலமாக ரயில் நிலையம் என்றால் அது சின்னசேலம்தான். பதினாறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய், புளி, தேன் கொண்டு இறங்கியவர்களும், கூடையும் மூட்டையுமாகச் சேலம் சந்தைக்குப் புறப்பட்டவர்களும், விருத்தாசலம் சென்று திருச்சி வண்டிக்கு மாறியவர்களும் அங்கேதான் காத்து நின்றார்கள். அவர்களை ஏற்றிச் சென்றது சேலம்–விருத்தாசலம் பாசஞ்சர். அந்த வண்டியைப் பற்றிப் பேசுவோர் பலர் உண்டு. அதை இழுத்த எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் அரிது. மீட்டர் கேஜின் கடைசிக் காலத்தில் இப்பாதையில் உழைத்த அந்த டீசல் எஞ்சினின் வேலை எத்தகையது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பாதையைப் பார்ப்போம். வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. இடையில் வசிஷ்ட நதியின் பள்ளத்தாக்கு. தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் தண்டவாளம் போட்டது இந்த இடைவெளியில்தான். ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் எல்லாம் வரிசையாக அதன் மேல் அமைந்தன. மலை குறுக்கிடாவிட்டாலும் பாதை சமதளம் அன்று. விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்குள் வண்டி இருநூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தாக வேண்டும். ஒற்றைப் பாதை. சுமார் 140 கிலோமீட்டருக்குள் இரு முனைகளையும் சேர்த்து ஏறத்தாழப் பதினெட்டு நிலையங்கள். முகாசாபரூர், கூத்தக்குடி, புக்கிரவாரி, மேல்நாரியப்பனூர், பெத்தநாயக்கன்பாளையம், வாழப்பாடி கேட், மின்னாம்பள்ளி என்று எட்டுப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றாக நிறுத்தம் வரும். பாசஞ்சர் எஞ்சினின் பாடு இந்த நிறுத்தங்களில்தான் இருக்கிறது.

எஞ்சினின் பெயர் ஒய்.டி.எம்.4. இதில் 'ஒய்' என்பது மீட்டர் கேஜையும், 'டி' என்பது டீசலையும், 'எம்' என்பது பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் கலப்புப் பணியையும் குறிக்கும். நான்கு, அவ்வகையில் நான்காவது என்பதற்காக. இதற்கு முன்னோடியான ஒய்.டி.எம்.1 ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1950களின் நடுவில் அனுப்பிய எஞ்சின். அதன் திறன் 700 குதிரைத்திறன். வேலை பார்த்த இடம் குஜராத்தின் காந்திதாம் பகுதி. நம் பக்கம் உழைத்த ஒய்.டி.எம்.4 அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வரைந்தது. 1961 முதல் அங்கிருந்து இறக்குமதியாயிற்று. பிறகு கனடாவின் மான்ட்ரியாலிலிருந்து சில வந்தன. 1968 முதல் வாரணாசியில் நம் டீசல் எஞ்சின் தொழிற்சாலையே அதைக் கட்டத் தொடங்கி 1990 வரை கட்டியது. எல்லாம் சேர்த்து ஐந்நூறுக்கு மேல். இதில் ஒரு வேடிக்கை: வரைந்து கொடுத்த ஆல்கோ கம்பெனி 1969இலேயே எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது, வாங்கியவர்கள் அதற்குப் பிறகும் இருபது ஆண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எடை 72 டன். ஆறு அச்சுகள், ஆகவே ஓர் அச்சுக்கு 12 டன். மீட்டர் கேஜின் மெல்லிய தண்டவாளம் தாங்கக்கூடிய அளவு அது. உள்ளே ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல விட்டம், பத்தரை அங்குல வீச்சு. மொத்தத் திறன் 1400 குதிரைத்திறன். அகலப் பாதையில் ஓடிய டபிள்யூ.டி.எம்.2 என்ற பெரிய எஞ்சினிலும் இதே அளவுச் சிலிண்டர்கள்தாம், ஆனால் பதினாறு. அண்ணன் தம்பி உறவு என்று சொல்லலாம்.

டீசல் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது இழுக்காது. குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றால்தான் அதற்குப் பலம். பஸ்ஸில் இதற்காகத்தான் கிளட்சும் கியரும் வைத்திருக்கிறார்கள். முந்நூறு டன் வண்டியைக் கிளட்சைத் தேய்த்து நகர்த்தப் பார்த்தால் முதல் நிலையத்திலேயே அது கருகிவிடும். எனவே டீசல் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரை ஓட்டுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் ஆறு அச்சுகளிலும் உள்ள ஆறு மோட்டார்களுக்குப் போகிறது. நேர்மின்னோட்ட மோட்டாருக்கு ஓர் அருமையான குணம் உண்டு: அது நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் மிகுந்த முறுக்கு விசை தரும். ஆக, பாசஞ்சர் வண்டியை உண்மையில் இழுப்பது மின்சாரம். மின்வாரியத்தின் கம்பிக்குப் பதிலாக ஒரு சிறு மின்நிலையத்தையே முதுகில் சுமந்து போகிறது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது இதன் இழுவிசை சுமார் 19 டன். ஆனால் வேகம் ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கிய தொகை அல்லவா? தொகை மாறாதபோது ஒன்று கூடினால் மற்றது குறையத்தான் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மிஞ்சுவது சுமார் ஐந்து டன் விசைதான். புறப்பட்டவுடன் விறுவிறுவென்று நகரும் பாசஞ்சர் பிறகு வேகம் பிடிக்க நெடுநேரம் எடுப்பதன் காரணம் இது. பயணிகள் டிரைவரைக் குறை சொல்வார்கள். குறை இயற்பியலில் இருக்கிறது.

இனி நிறுத்தத்தின் கணக்கு. எஞ்சினும் பெட்டிகளும் பயணிகளும் சேர்ந்து 350 டன் என்றும், இரு நிலையங்களுக்கிடையே வண்டி 60 கிலோமீட்டர் வேகம் எட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் வண்டியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 486 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 360 லட்சம் ஜூல்; அதில் நூற்றுக்கு முப்பது பங்குதான் சக்கரத்தை எட்டும், மற்றது புகையாகவும் வெப்பமாகவும் போய்விடும். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கிளம்பலுக்கும் நாலரை லிட்டர் டீசல். அடுத்த நிலையத்தில் பிரேக் போட்டவுடன் இவ்வளவும் பிரேக் கட்டையில் சூடாகிக் காற்றோடு கலந்துவிடும். பதினேழு முறை கிளம்பினால் எண்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றத்துக்கும் காற்றுத் தடைக்கும் ஆகும் செலவு இதில் சேரவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி இந்தச் செலவைச் செய்வதில்லை. ஆதலால்தான் சிக்கனம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கத்திரிக்குத் தப்பாதது சிறு நிலையத்து நிறுத்தம்.

எஞ்சினின் உடலும் இதற்கு விலை கொடுத்தது. கிளம்பும் நேரத்தில் மோட்டார்களில் பாயும் மின்னோட்டம் மிக அதிகம். சில நிமிடங்களுக்கு மேல் அப்படியே விட்டால் சுற்றுக்கம்பியின் காப்பு வெந்துபோகும். டிரைவர் எட்டுப் படிகள் கொண்ட கைப்பிடியை ஒரேயடியாகத் தள்ளாமல், அம்மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாக ஏற்றுவது இதனால்தான். அவசரப்பட்டால் கரும்புகை கிளம்பும். டர்போ விசிறி போதிய காற்றைத் தருமுன் டீசல் மட்டும் பாய்ந்துவிடுவதன் அடையாளம் அது. ஐப்பசி மழையில் தண்டவாளம் வழுக்கினால் சக்கரத்தின் முன் மணல் தூவ வேண்டும்.

இவ்வளவு நவீனமான எஞ்சினிலும் மணல் பெட்டி ஓர் இன்றியமையாத உறுப்பு என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும்.

நீராவி எஞ்சின் இதைவிட நன்றாக உழைத்திருக்குமே என்று சொல்லும் ரசிகர்கள் நம் ஆசிரியர்களிலேயே உண்டு. ஒய்.பி. எஞ்சினின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கரியின் ஆற்றலில் நூற்றுக்கு ஆறேழு பங்கைத்தான் வேலையாக்கியது. கரியோ தமிழ்நாட்டுக்குத் தொலைவிலிருந்து வர வேண்டும். நீராவி ஏற்றச் சில மணி நேரம், வழியில் தண்ணீர், பயணம் முடிந்ததும் சாம்பல் அள்ளல், திரும்புவதற்குச் சுழல் மேடை. டீசலுக்கு இவை ஒன்றும் வேண்டாம். முனை நிலையத்தில் கழற்றி மறு பக்கம் மாட்டினால் புறப்பட்டுவிடலாம். ஒரே எஞ்சின் ஒரு நாளில் போய்த் திரும்ப முடிந்ததால்தான் ஆட்கள் குறைவாய் ஏறும் கிளைப் பாதையில் பாசஞ்சர் வண்டி ஓட்டுவது கட்டுப்படியாயிற்று.

மறு பக்கம் மாட்டுவதிலும் ஒரு தொல்லை உண்டு. ஒய்.டி.எம்.4க்கு டிரைவர் அறை ஒன்றுதான், அதுவும் ஒரு முனையை ஒட்டி. ஒரு திசையில் போகும்போது முன்னால் குட்டை மூக்கு. திரும்பும்போது முன்னால் நீண்ட எஞ்சின் கூடு. அப்போது டிரைவர் தம் பக்கத்தை மட்டுமே பார்க்க முடியும். மறுபக்கத்து வளைவில் நிற்கும் கைகாட்டியை உதவி டிரைவர் பார்த்து உரக்கச் சொல்ல, டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவரின் குரலும் ஒத்துப்போனால்தான் வண்டி நகரும். ஒற்றைப் பாதைக்கே உரிய டோக்கன் வேறு. பந்து வடிவான அந்த இரும்புக் குண்டைத் தோல் பையிலிட்டு, வளையத்தில் கோத்து, நிலையத்தில் நீட்டுவார்கள். அது கையில் இல்லாமல் அடுத்த நிலையம் வரை பாதையில் கால் வைக்கக்கூடாது.

எஞ்சின்களின் தாய்வீடு திருச்சி பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் அங்கு மாறியது. பின்னாளில் டீசல் கொட்டகையும் அமைந்தது. சுற்று முடித்து வரும் எஞ்சினின் எண்ணெயை மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். அதில் தண்ணீர் கலந்திருந்தால் சிலிண்டர் உறை கசிகிறது என்றும், செம்புத் துகள் தெரிந்தால் பேரிங் தேய்கிறது என்றும் திறந்து பார்க்காமலே அறிவர். மருத்துவர் இரத்தம் பரிசோதிப்பதைப் போன்றதே. மோட்டாரின் கரித் துண்டுகள், பிரேக் கட்டைகள், டீசலைத் தெளிக்கும் மூக்குகள் ஆகியவை அடிக்கடி மாற்றவேண்டியவை. நின்று நின்று போகும் வண்டியில் இன்னும் அடிக்கடி. எல்லைப் பயணங்களின் இடையில் பாட்டரி வலுவிழந்துவிட்டால் எஞ்சினை மீண்டும் கிளப்ப வழியில்லை. அதனால் இரவெல்லாம் அணைக்காமல் உறுமவிட்டே வைத்திருப்பதும் வழக்கமாக இருந்தது. அந்த வீண் செலவை யாரும் கணக்கில் எழுதியதாகத் தோன்றவில்லை.

இந்த எஞ்சின் கிழடாகி ஓய்ந்ததா என்றால், இல்லை. வேலை போனது பாதை அகலமானதால். ஒரு மீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தை 1676 மில்லிமீட்டராக்கும் பணி நாடெங்கும் 1990களில் முடுக்கிவிடப்பட்டது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே சேலம்–விருத்தாசலம் பாதையும் அகலமாயிற்று, பின்னர் மின்கம்பியும் வந்தது. அதனால் சேலத்தில் வண்டி மாறாமல், சரக்கு இறக்கி ஏற்றாமல், பிற ஊர்களுக்குச் செல்லும் வசதி கிடைத்தது. ஆத்தூர் வட்டார ஜவ்வரிசி மூட்டைக்கு இது சிறு நன்மையன்று. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் புதுப் பாதை அமைக்கும் அனுமதியும் 2006–07இல் கிடைத்தது அகலப் பாதைக்காகத்தான். ஆனால் 72 டன் எஞ்சினுக்கு அச்சை மட்டும் நீட்டிவிட முடியாது. போகிச் சட்டமே வேறாக வேண்டும், அப்படிச் செய்தாலும் அகலப் பாதை வண்டிக்கு 1400 குதிரைத்திறன் போதாது. நல்ல நிலையில் இருந்த பல எஞ்சின்கள் மீட்டர் கேஜ் உள்ள மலேசியாவுக்கும் மியான்மருக்கும் கடல் கடந்தன. வியத்நாமில் 1980களிலேயே வாரணாசியில் கட்டிய இவ்வகை எஞ்சின்கள் ஓடின. மற்றவை பழைய இரும்பாயின.

பாதை மாறியபோது சிறு நிலையங்களுக்கு என்ன ஆகும் என்ற கவலை ஊர்களில் இருந்தது. இன்றும் நிறுத்தம் கேட்டு மனு கொடுக்காத ஊர் குறைவு. மேல்நாரியப்பனூர் அந்தோணியார் திருவிழாவுக்குச் சில வண்டிகளைத் தற்காலிகமாக நிறுத்துவது வழக்கம். திருவிழா நாட்களுக்கு நாலரை லிட்டர் பெரிதாகத் தெரிவதில்லை. மற்ற நாட்களில் தெரிகிறது. ஒரு நிறுத்தத்தில் இருபது பேர் ஏறி இறங்கினால் தலைக்குக் கால் லிட்டர்கூட ஆகாது. அந்த இருபது பேரும் தனித்தனியே பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றால் ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் நிறுத்தத்தை எடுப்பதா, வைப்பதா என்று பேச வேண்டும் என்பது என் கருத்து.

பொன்மலை எஞ்சின்களில் சிலவற்றுக்கு மட்டும் நீலகிரியில் வேலை கிடைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கர எஞ்சின் தள்ளிவரும் மலை ரயிலை அங்கிருந்து உதகை வரை கொண்டுசெல்வது ஒய்.டி.எம்.4தான், அப்பகுதியில் பல்தண்டவாளம் இல்லை. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அங்கும் நின்று நின்றுதான் போகிறது.