ஆர் பள்ளத்தாக்கின் திராட்சைக் குடியானவர்கள்

தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சியிடும் நெசவாளர், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குவார். உழவரைப் பற்றியோ சொல்லவே வேண்டுவதில்லை. வானத்தையும் நிலத்தையும் நம்பிப் பிழைப்போர் எந்நாட்டிலும் ஓரினத்தவரே. அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். ஜெர்மனி நாட்டில் ஆர் என்னும் சிற்றாற்றின் கரையிலே திராட்சை பயிரிட்டு, அதன் சாற்றைப் புளிக்கவைத்து ஒயினாக்கி விற்று வாழ்வோர் அவர்கள். மதுவின் நன்மை தீமைகளை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. பயிரையும் பயிரிடுவோரையும் பற்றியதே நம் பேச்சு.

ஆர் நதி ஐபல் மலைநாட்டில், பிளாங்கன்ஹைம் என்னும் ஊரில், ஒரு வீட்டின் நிலவறைக்குள்ளே ஊற்றாகத் தோன்றுகிறது. ஏறத்தாழ 85 கிலோமீட்டர் ஓடி, பான் நகருக்குத் தெற்கே ரைன் மாநதியில் கலக்கிறது. அதன் கீழ்ப் பகுதியிலே இரு மருங்கிலும் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. யாவற்றையும் கூட்டினாலும் சற்றேறக்குறைய 550 ஹெக்டேர்தான்.

திராட்சைக் கொடி பெரும்பாலும் 30 பாகை முதல் 50 பாகை வரையுள்ள அட்சரேகைகளுக்கு இடையில் நன்கு பலன் தருவது என்பது பழைய கணக்கு. ஆர் பள்ளத்தாக்கோ 50 பாகைக்கும் சற்று வடக்கே இருப்பது. குளிர் மிகுந்த அவ்விடத்தில் வெள்ளைத் திராட்சை பழுப்பதே அரிது. நிறமேறுதற்கு வெப்பம் கூடுதலாக வேண்டும் கருந்திராட்சையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆயினும் அங்குள்ள தோட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கருந்திராட்சையே. இஃதெவ்வாறு?

விடை மலைச் சரிவில் இருக்கிறது. செப்டம்பர் மாதக் கடைசியில், காய் கனியாகும் தருணத்தில், அங்கே நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 40 பாகை உயரத்துக்குக்கூட ஏறுவதில்லை. சமநிலத்தில் அக்கதிர்கள் சாய்வாக விழுந்து பரந்து வலுவிழந்துவிடும். தெற்கு நோக்கி 40 பாகை சாய்ந்த சரிவிலோ அவை ஏறத்தாழ நேர்க்குத்தாக விழுகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், அந்நேரத்தில் சரிவுநிலம் பெறும் வெயில் சமநிலம் பெறுவதைப் போல் ஒன்றரை மடங்காகும். கூரையின் தென்புறத்து ஓடு வடபுறத்து ஓட்டினும் விரைவில் காய்வதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அதே நியாயந்தான்.

அடுத்தது மண். மண் என்பதைவிடக் கல் என்பதே பொருந்தும். மேற்பள்ளத்தாக்கின் சரிவுகள் கரிய பலகைக்கல் சிதறிக் கிடப்பவை. நாம் பள்ளியில் எழுதிப் பழகிய சிலேட்டு அவ்வினத்துக் கல்லே. பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவில் சிறிது சிறிதாக அதைக் கொடிக்குத் திருப்பித் தருகிறது. மழைநீர் அதில் தேங்குவதில்லை. ஆதலால் வேர், கல்லிடுக்குகளின் வழியே நீரைத் தேடி ஆழமாக இறங்குகிறது. மேற்கேயுள்ள ஐபல் மலைகள் மழைக்காற்றின் வேகத்தைத் தடுத்து நிற்கின்றன. வசந்தகால இரவுகளிலே கனத்த குளிர்காற்று சரிவில் நில்லாமல் பள்ளத்துக்கு வழிந்துவிடுவதால், இளந்தளிர்களை உறைபனி கருக்கும் அபாயமும் சரிவிலே குறைவு.

இவ்விடத்துக்கேற்ற கொடி பினோ நுவார் என்பது. தோட்டப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதுவே. மெல்லிய தோலுடைய இப்பழம் கடும் வெப்பத்தில் விரைந்து பழுத்து மணத்தை இழந்துவிடும். குளிர்ந்த நாட்டில் நிதானமாகப் பழுத்தால்தான் அதற்குச் சிறப்பு. அதனினின்று தானே பிறழ்ந்து தோன்றிய ஓரினம் இரண்டு வாரம் முன்னதாகவே பழுக்கிறது. அதையும் இப்பள்ளத்தாக்கார் விடாது போற்றி வருகின்றனர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் பள்ளத்தாக்கு அகன்று, பலகைக்கல்லுக்குப் பதிலாக வண்டல் போன்ற மென்மண் வருகிறது. அங்கே விளையும் பழத்தின் சாறு மேற்பகுதிச் சாற்றினின்று சுவையில் வேறுபடும் என்பர்.

இத்தகைய சரிவில் டிராக்டர் ஏறாது. கல்லடுக்கிச் சுவர் கட்டி, படிப்படியாக நிலம் திருத்தி, பெரும்பாலான வேலையைக் கையாலேயே செய்ய வேண்டும். அவ்வாறு திருத்திய நிலமும் தலைமுறைதோறும் மக்களுக்குப் பங்கிடப்பட்டுத் துண்டு துண்டாயிற்று. சிறு துண்டு வைத்திருப்பவன் தனியே ஆலை வைக்க இயலுமா? வியாபாரி கேட்ட விலைக்குத்தான் அவன் விற்க நேர்ந்தது. 1868ஆம் ஆண்டில் மாய்ஷோஸ் என்னும் சிற்றூர்க் குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் கண்டனர். பழத்தை ஓரிடத்தில் பிழிந்து, பொது நிலவறையில் வைத்துப் பக்குவப்படுத்தி, பொதுவில் விற்றனர். உலகத் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களில் இதுவே மிகப் பழையது எனக் கூறப்படுகிறது.

இங்கே நமக்கு ஓர் உறவும் உண்டு. கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் தந்தையாகிய ரெய்பைசன், 1864இல் தம் சங்கத்தை அமைத்தது ரைன் நதியின் மறுகரையில், இப்பள்ளத்தாக்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹெடஸ்டார்பில்தான். அம்முறையைக் கற்று வந்து சென்னை அரசாங்கத்துக்கு 1895லும் 1897லும் அறிக்கை தந்தவர் பிரடெரிக் நிக்கல்சன். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழிகோலியவற்றுள் அவ்வறிக்கை முதன்மையானது.

சென்ற சில பத்தாண்டுகளாக உலகின் வெப்பம் ஏறி வருவதால், முன்பு பல ஆண்டுகளில் அரைப்பழமாக நின்றுவிட்ட பயிர் இப்போது முற்றப் பழுக்கிறது. ஆர் பகுதியின் பெயரும் உயர்ந்தது. ஆனால் வெப்பமேறிய காற்று நீரையும் மிகுதியாகச் சுமக்கிறது என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

2021ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, முன்பே நனைந்திருந்த மலைகளின்மேல் பல இடங்களில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. வெயிலை ஏந்தித் தந்த அதே சரிவுகள் நீரையும் ஏந்தி, குறுகிய பள்ளத்துக்குள் இறக்கிவிட்டன. ஆல்டனார் என்ற ஊரில் அதுவரை அளந்து கண்ட பெரும் வெள்ளம் 2016இன் 3.71 மீட்டர். இம்முறை அளவுகோலையே ஆறு அடித்துச் சென்றது. நீர் 10 மீட்டர் அளவுக்கு உயர்ந்ததெனப் பின்னர் மதிப்பிட்டனர். பள்ளத்தாக்கில் 130 பேருக்கு மேல் மாண்டனர். 1804இல் 63 பேரையும், 1910இல் 50 பேருக்கு மேலும் இதே ஆறு கொண்டுபோனதுண்டு. ஆயினும் அபாயத்தைக் கணிக்க எடுத்துக்கொண்ட புள்ளிகள் 1947க்குப் பிற்பட்டவை. பாட்டன் கண்ட வெள்ளம் ஏட்டில் ஏறாமற் போயிற்று. இதனை நாம் பெருங்குறையாகவே கருதுகிறோம். இத்தகைய மழைக்கான வாய்ப்பை உலக வெப்பம் 1.2 முதல் 9 மடங்கு வரை கூட்டியுள்ளது என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள் கூறினர்.

சரிவின்மேல் நின்ற கொடிகள் பெரும்பாலும் பிழைத்தன. கீழே ஆற்றோரத்திலிருந்த நிலவறைகளும் பீப்பாய்களும் பிழிபொறிகளும் சேற்றில் மூழ்கின; மாய்ஷோஸ் சங்கத்தின் நிலவறையும் தப்பவில்லை. வேறிடத்துக்குப் போகலாமே என்பார்க்குச் சொல்லுவோம்: அங்கே கொடிக்குச் சரிவுண்டு, கட்டடத்துக்குத் தட்டைநிலம் ஆற்றோரம் அன்றி அரிது. சேறு படிந்த புட்டிகளைக் கழுவாமலே, "வெள்ள ஒயின்" என்ற பெயரால், நிவாரண நிதிக்காக விற்றனர்; 40 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. பிற பகுதித் திராட்சை விவசாயிகள் டிராக்டரும் கருவிகளும் கொண்டுவந்து, சேறு அள்ளினர். கொடிகளுக்கு மருந்து தெளித்தனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், இரவல் பொறிகளைக் கொண்டும் அயலார் நிலவறைகளில் இடம் கேட்டும், ஆர் பள்ளத்தாக்கார் தம் பழத்தை அறுத்துச் சேர்த்தனர்.