வீட்டு வாசலில் ஸ்மார்ட் லாக்: விரலை வைத்தும் கதவு திறக்காவிட்டால்? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேனி மாவட்டம் கடமலைக்குண்டில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். மகனுக்கு திருப்பூரில் வேலை. தோட்டத்துக்குப் போகும்போது வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்வது அம்மாவின் வழக்கம். ஒருநாள் சாவி தொலைந்துபோக, பூட்டை உடைக்க வேண்டியதாகிவிட்டது. விஷயத்தைக் கேள்விப்பட்ட மகன், "இனிமே சாவியே வேணாம்மா, விரலை வச்சா கதவு திறந்துக்கும்" என்று சொல்லி ஒரு ஸ்மார்ட் லாக்கை ஆர்டர் போடுகிறார்.

மாட்டிய மூன்றாவது நாள். தேங்காய் உரித்துவிட்டு வந்த அம்மா விரலை வைக்கிறார். சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். மறுபடியும் சிவப்பு. "ஏய்யா, என் வீட்டுக்குள்ள நானே போக முடியலையே" என்று மகனுக்கு போன் போடுகிறார்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் ஸ்மார்ட் லாக் வாங்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் இதில்தான் இருக்கிறது. 'திருடன் உள்ளே வர முடியுமா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 'வீட்டுக்காரர் எப்போதும் உள்ளே போக முடியுமா?' என்று கேட்பவர்கள் குறைவு.

ஸ்மார்ட் லாக் எப்படி வேலை செய்கிறது?

கதவின் வெளிப்பக்கம் ஒரு பேனல், உள்பக்கம் ஒரு பேனல். உள்ளே இருப்பதில் பேட்டரியும் சின்ன மோட்டாரும் இருக்கும். சரியான ஆள் என்று உறுதியானதும் மோட்டார் சுழன்று தாழ்ப்பாளை இழுத்துவிடும். சில மாடல்களில், பூட்டு அனுமதி கொடுத்த பிறகு கைப்பிடியை நாமே திருப்ப வேண்டும்.

திறக்க வழிகள் பல: கைரேகை, பின் நம்பர், கார்டு, செல்போன் ஆப். பெரும்பாலான மாடல்களில் ஒரு சின்ன மூடிக்கு அடியில் பழைய பாணி சாவித் துவாரமும் இருக்கும். விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி 30 ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது.

புளூடூத் மட்டும் உள்ள பூட்டை, கதவுக்குப் பக்கத்தில் நின்றுதான் செல்போனில் திறக்க முடியும். வைஃபை உள்ள பூட்டு, அல்லது கேட்வே எனும் துணைக்கருவியோடு இணைந்த பூட்டு என்றால், திருப்பூரில் இருந்துகொண்டே கடமலைக்குண்டு கதவைத் திறக்கலாம்.

விரலை வைத்தும் ஏன் திறக்கவில்லை?

ரேஷன் கடையில் விரல் பதியாமல் பெரியவர்கள் திண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சிக்கல்தான் இங்கேயும். கைரேகை சென்சார் தேடுவது தோலின் மேடு பள்ளங்களை. வயதாக ஆக இந்த ரேகைகள் மங்கும். மண்வெட்டி பிடிப்பது, தேங்காய் உரிப்பது, சிமெண்ட் கலப்பது போன்ற வேலைகளில் ரேகை தேய்ந்துபோகும். கை ஈரமாக இருந்தாலும், மண் ஒட்டியிருந்தாலும், தோல் வறண்டு வெடித்திருந்தாலும் சென்சார் ஏமாந்துவிடும்.

தென்னையும் இலவம் பஞ்சும் விளையும் கடமலைக்குண்டு - வருசநாடு பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை. உழைத்த கைகளுக்குத்தான் இந்தப் பூட்டு முதலில் மக்கர் பண்ணும்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரே விரலை நான்கைந்து முறை தனித்தனியாகப் பதிவு செய்யலாம். இரண்டு கைகளிலும் இரண்டு, மூன்று விரல்களைச் சேர்க்கலாம். வேலைக்குப் போய்வந்த கையோடும் ஒருமுறை பதிந்துவைப்பது நல்லது. அப்படியும் சரிவரவில்லை என்றால், அவர்களுக்குக் கைரேகையை நம்பவே வேண்டாம். கார்டோ, மனதில் நிற்கும் பின் நம்பரோ கொடுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? நெட் போனால்?

கரண்ட் போனால் கதவு திறக்காது என்பது பலருடைய பயம். அது தேவையில்லை. வீட்டுக் கதவில் மாட்டும் பெரும்பாலான ஸ்மார்ட் லாக்குகள் வீட்டு மின்சாரத்தில் ஓடுவதில்லை. கடையில் கிடைக்கும் 4 டபுள் ஏ பேட்டரிகளே பல மாடல்களுக்குப் போதும். அவை மாதக்கணக்கில் தாங்கும். வைஃபை எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் சீக்கிரம் தீரும்.

பேட்டரி தீரும் முன் பூட்டு சத்தம் போட்டு எச்சரிக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் ஒருநாள் செத்துப்போகும். அப்போதும் 9 வோல்ட் பேட்டரியை வெளியில் இருக்கும் முனைகளில் வைத்தோ, டைப்-சி துவாரத்தில் பவர் பேங்க் சொருகியோ பூட்டைத் தற்காலிகமாக எழுப்ப முடியும். அந்த பவர் பேங்க் வீட்டுக்குள் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

நெட் போனால் வெளியூரில் இருந்து திறக்க முடியாது, தகவலும் வராது. கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் இதேதான். ஆனால் கைரேகையும் பின் நம்பரும் பூட்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கும் மாடல் என்றால் நேரில் நிற்பவர் எப்போதும்போலத் திறக்கலாம். மலையடிவார ஊர்களில் சிக்னல் எப்படி இருக்கும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆப்பை மட்டும் நம்பியிருக்கும் பூட்டு அங்கே வேலைக்கு ஆகாது.

ஹேக் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் சினிமாவில் காட்டுவது போல அல்ல.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பூட்டு நிறுவனம் இணையம் வழியாக அனுப்பிய சாப்ட்வேர் அப்டேட் தவறான மாடலுக்குப் போய்விட்டது. சுமார் 500 பூட்டுகள் செயலிழந்தன. பின் நம்பர் போட்டால் திறக்கவில்லை. தங்கும் விடுதியாக வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அந்த நேரத்தில் கைகொடுத்தது சாதாரண சாவிதான். ஹேக்கர் யாரும் இல்லை. தயாரித்தவரின் தவறே கதவை அடைத்துவிட்டது.

2019-ல் கீவி என்ற பூட்டை ஆராய்ந்த எஃப்-செக்யூர் நிறுவனம், செல்போனுக்கும் பூட்டுக்கும் இடையே நடக்கும் தகவல் பரிமாற்றத்தை இடைமறித்துக் கதவைத் திறக்க முடியும் என்று காட்டியது. பெரிய சிக்கல் என்னவென்றால், அந்தப் பூட்டின் சாப்ட்வேரைப் புதுப்பிக்கும் வசதியே இல்லை. ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள் குறையோடுதான் இருக்க வேண்டும். பூட்டின் சாப்ட்வேருக்கு அப்டேட் வருமா என்று வாங்கும்போதே கேட்கச் சொல்வது இதனால்தான்.

நடைமுறையில் பெரிய ஓட்டை நாம் வைக்கும் பின் நம்பரில் இருக்கிறது. 4 இலக்கம் என்றால் 10 ஆயிரம் சேர்க்கைகள். 6 இலக்கம் என்றால் 10 லட்சம். ஆனால் பிறந்த வருடத்தையோ 1234-ஐயோ வைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். பூட்டை மாட்ட வந்தவர் முன்னிலையில் வைத்த மாஸ்டர் நம்பரை, அவர் கிளம்பியதும் மாற்றிவிட வேண்டும். செல்போனை விற்கும்போதும் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் ஆப்பில் இருந்து வெளியேற மறக்கக் கூடாது.

திருடு போனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பலரும் யோசிக்காத பக்கம் இது. வீடு புகுந்து திருடுவதற்கான காப்பீட்டில், பலவந்தமாக நுழைந்ததற்கான அடையாளம் வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் அது செல்லும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

சாதாரணப் பூட்டை உடைத்தால் தடயம் இருக்கும். கசிந்துபோன பின் நம்பரைப் போட்டு ஒருவர் உள்ளே போனால் கதவில் ஒரு கீறல்கூட இருக்காது. எனவே வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட் லாக் மாட்டும் முன் அந்த நிபந்தனையை வாசித்து, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த நேரத்தில், எந்த நம்பரால் கதவு திறந்தது என்ற பதிவு பல பூட்டுகளில் இருக்கும். திருட்டு நடந்தால் அதை அழிக்காமல் போலீஸிடம் காட்ட வேண்டும். ஆப் கணக்கே பறிபோயிருந்தால் சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அந்தப் பதிவை யார் பார்க்கிறார்கள்?

திருட்டைக் கண்டுபிடிக்க உதவும் அதே பதிவு, அம்மா எத்தனை மணிக்கு வெளியே போனார், எப்போது திரும்பினார் என்பதையும் மகனுக்குச் சொல்லும். "ஏம்மா, நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு எங்க போயிருந்த?" என்று கேட்கும் அக்கறை, அவருக்குக் கண்காணிப்பாகத் தெரியலாம். பதிவு இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இது நீதிமன்றம் வரை போனது. உரிமையாளர் நுழைவாயிலில் ஸ்மார்ட் லாக் மாட்டியதை எதிர்த்து வாடகைக்கு இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். ஆப் தங்கள் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் என்பது ஒரு கவலை. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியாத 90 வயதைக் கடந்த முதியவர் வெளியே போய்வரவே தயங்கினார் என்பது இன்னொன்று. 2019-ல் சமரசம் ஏற்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு சாதாரண சாவி.

நம்ம ஊர் கதவுக்குப் பொருந்துமா?

பெரும்பாலான ஸ்மார்ட் லாக்குகள் ஒற்றைக் கதவுக்காக, குறிப்பிட்ட தடிமனுக்காகச் செய்யப்பட்டவை. நாதாங்கி போட்ட பழைய இரட்டைக் கதவில் அப்படியே மாட்ட முடியாது. மரக்கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொண்டால் தாழ்ப்பாள் துவாரத்துக்கு நேராக நிற்காது. மோட்டார் முட்டி முட்டி பேட்டரி சீக்கிரம் தீரும். ஆர்டர் போடும் முன் ஒரு தச்சரை அழைத்துக் கதவின் தடிமனையும் நிலையையும் அளந்து பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். வெளியே நேரடி வெயிலும் சாரலும் படும் கதவு என்றால் அதற்கேற்ற மாடலாகப் பார்க்க வேண்டும்.

அப்போ பழைய பூட்டே போதுமா?

தேனிக்குப் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லின் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யப்படும் அந்தப் பூட்டுக்கு பேட்டரியும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். ஆனால் சாவி தொலைந்தால் சிரமம். வேலைக்கு வந்துபோனவர் கள்ளச்சாவி செய்தாரா என்பதும் தெரியாது. ஸ்மார்ட் லாக்கில் ஒருவருடைய நம்பரை மட்டும் ஒரு நொடியில் நீக்கிவிடலாம். உறவினர் வந்தால் ஒருநாளுக்கு மட்டும் செல்லும் நம்பர் கொடுக்கலாம். பெரியவர் வீட்டுக்குள் விழுந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்கு வெளியூரில் இருந்தே கதவைத் திறந்துவிடலாம். தனியாக இருக்கும் பெற்றோருக்கு இது உயிர் காக்கும் வசதி.

எனவே இது பழசா, புதுசா என்ற சண்டை இல்லை. இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் பாதுகாப்பு.

வாங்கப் போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

* சாதாரண சாவியாலும் திறக்கும் மாடலாகப் பாருங்கள். அந்தச் சாவியில் ஒன்றை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

* வீட்டில் அதிகம் இருப்பவர் எவரோ, அவர் விரலில்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். வாங்கிக் கொடுப்பவர் விரலில் அல்ல.

* உள்ளிருந்து வெளியே வர விரலோ நம்பரோ தேவைப்படக் கூடாது. தீ விபத்து நேரத்தில் கைப்பிடியைத் திருப்பினாலே கதவு திறக்க வேண்டும்.

* பேட்டரிகளை ஒரு நாள் குறித்துவைத்து மாற்றுங்கள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதே இதையும் முடித்துவிடலாம்.

* 6 இலக்க பின் நம்பர் வையுங்கள். வேலைக்கு வருபவர், வாடகைக்கு இருந்தவர் போனதும் அவர்களுடைய நம்பரை நீக்குங்கள்.

* பழுதானால் சரிபார்க்க ஆள் தேனிக்கோ ஆண்டிப்பட்டிக்கோ வருவாரா, இல்லை பூட்டைக் கழற்றி அனுப்ப வேண்டுமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

மகன் கடைசியில் செய்ய வேண்டியதும் இதுதான். அம்மாவுக்கு ஒரு கார்டு, மனதில் நிற்கும் ஒரு நம்பர், பழையபடி முந்தானையில் ஒரு சாவி, பக்கத்து வீட்டில் இன்னொரு சாவி. இந்த நான்கும் தயாராக இருந்தால், ஸ்மார்ட் லாக்கை தாராளமாக மாட்டலாம்.