கண்டியில் கண்டவை

கண்டி என்று நாம் வழங்கும் ஊருக்கு அவ்வூரார் வைத்த பெயர் அதுவன்று. சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. மலைநாட்டைக் குறிக்கும் 'கந்த உட ரட்ட' என்ற தொடரைப் போர்த்துக்கீசியர் தம் நாவுக்கேற்பச் சுருக்கிக்கொண்டனர், அதுவே கண்டியாயிற்று. சிங்கள மக்களுக்கு அது 'மகா நுவர', அதாவது பெருநகர். மகாவலி கங்கை வளைந்தோட, குன்றுகள் சூழ்ந்து காவல் நிற்க, போர்த்துக்கீசியருக்கும் ஒல்லாந்தருக்கும் இறுதிவரை பணியாமல் நின்ற தலைநகர் அது. 1815-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்த நகரையும் இதனைச் சூழ்ந்துள்ள விகாரைகளையும் காண்பதற்காக நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு யாத்திரைக் குழுவில் சேர்ந்தோம். மொத்தம் இருபத்தாறு பேர். பாதிக்கு மேல் எங்களைப் போலவே தம்பதியர். குழுவாகச் செல்வதில் ஒரு சௌகரியம் உண்டு. உணவு, உறைவிடம், வண்டி எதைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு சங்கடமும் உண்டு. ஐந்நூறு ஆண்டுக் கோயிலுக்கு இருபது நிமிடமும் இரத்தினக் கடைக்கு ஒன்றரை மணி நேரமும் ஒதுக்கியிருப்பார்கள். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அந்தக் கணக்கைச் சற்றே மாற்றக்கூடியவராக இருந்தது நாங்கள் செய்த பாக்கியம். அவர் கண்டியிலேயே பிறந்து வளர்ந்த சிங்களவர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழை நன்றாகவே பேசினார்.

கண்டிக்குள் நுழைவதற்கு முன்பாகவே, தென்மேற்கே உள்ள மூன்று கோயில்களுக்கு அவர் எங்களை அழைத்துச் சென்றார். எம்பெக்க, லங்காதிலக, கடலாதெனிய என்பன அவை. மூன்றும் சில மைல் சுற்றுக்குள் அமைந்தவை. மூன்றும் பதினான்காம் நூற்றாண்டில், கம்பளை தலைநகராக இருந்த காலத்தில் தோன்றியவை.

எம்பெக்க ஒரு தேவாலயம். கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. கதிர்காமத் தெய்வம் நம் முருகனே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்குள்ள மேளகாரர் மண்டபம் முழுவதும் மரத்தால் ஆனது. தூண்தோறும் சதுரச் சதுரமாகச் சிற்பங்கள். ஒன்றில் தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். ஒன்றில் மல்லர் இருவர் பொருதுகின்றனர். ஒன்றில் கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள். மற்றொன்றில் இருதலைப் பறவை. அண்ணாந்து பார்த்தால் கூரையின் ஒரு முனையில் இருபத்தாறு மர விட்டங்கள் விசிறிபோல் விரிந்து வந்து ஓரிடத்தில் கூடுகின்றன. அத்தனையையும் ஒரே ஆப்பு தாங்கி நிற்கிறது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். வண்டி புறப்படும் மணி அடித்த பிறகும் அவர் அந்த ஆப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இச்சிற்பங்களின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு தமிழரின் மகன் என்பதை அங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி, 1903-இல் கனிமவள ஆராய்ச்சி அதிகாரியாக இலங்கைக்குத் திரும்பினார். பாறைகளை ஆராய ஊரூராகச் சென்றவர், அவ்வூர்களில் கொல்லரும் தச்சரும் ஓவியரும் தம் கைத்தொழில் நலிந்து கிடப்பதைக் கண்டார். அவருடன் அவர் மனைவி எத்தலும் சென்றார். கணவர் எழுதினார், மனைவி படம்பிடித்தார். கண்டிச் சிங்களரின் கலைகளைப் பற்றிய பெருநூல் 1908-இல் இங்கிலாந்தில் அச்சேறியது. அதனை அச்சிட்ட பொறி வில்லியம் மாரிஸ் ஒரு காலத்தில் பயன்படுத்தியது. எத்தல் அம்மையார் பிற்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளராக விளங்கினார். கணவனும் மனைவியும் சேர்ந்து மேற்கொண்ட பயணங்களில் இவ்வளவு பயன் விளைந்தது வேறெது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பயணத்தில் விளைந்தது இந்தக் கட்டுரை ஒன்றுதான்.

எம்பெக்கவிலிருந்து வயல்வெளிகளைக் கடந்தால் லங்காதிலக. பெரும்பாறை ஒன்றின் உச்சியில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது அந்த விகாரை. 1344-ஆம் ஆண்டில், நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், சேனாலங்காதிகாரர் என்ற அமைச்சர் எழுப்பியது. கட்டிய சிற்பியின் பெயர் ஸ்தபதி ராயர். உள்ளே மகர தோரணத்தின் கீழ்ப் புத்தர் பெருமான் அமர்ந்திருக்கிறார். புறச்சுவரைச் சுற்றி வந்தால் திருமால், சமன், விபீடணன், கணபதி, கந்தன் ஆகியோருக்குச் சந்நிதிகள். புத்தரை நடுவில் வைத்துத் தெய்வங்கள் சூழ்ந்து காக்கும் அமைப்பு இது.

கோயிலை ஒட்டிய பாறையில் கல்வெட்டு இருக்கிறது. கோயில் எழுந்த வரலாறும் அதற்கு விடப்பட்ட நிலங்களும் அதில் கூறப்படுகின்றன. முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். அறுநூற்றெண்பது ஆண்டுகளாக வெயிலும் மழையும் பட்ட எழுத்துக்கள். என் மனைவி முப்பதாண்டு தமிழாசிரியையாக இருந்தவள். பாறை அருகே குனிந்து, ஒரு 'ப'கரத்தையும் ஒரு 'ன'கரத்தையும் கண்டுபிடித்து, சிறு குழந்தை போல் மகிழ்ந்தாள். வழிகாட்டி எதிர்ப்புறம் குனிந்தார். "அம்மா, அந்தப் பக்கம் உங்களுக்கு, இந்தப் பக்கம் எனக்கு. விஷயம் ஒன்றுதான்" என்றார்.

அடுத்துக் கண்ட கடலாதெனியவும் அதே 1344-இல் எழுந்தது. இது கருங்கல் திருப்பணி. படிக்கட்டின் ஓரங்களில் ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோரும் செதுக்கப்பட்டுள்ளனர். தூணையும் போதிகையையும் பார்த்தால் நம் தஞ்சை, மதுரைப் பக்கத்துக் கோயில் ஒன்றினுள் நிற்கிறோமோ என்ற மயக்கம் உண்டாகும். தருமகீர்த்தி தேரர் கட்டுவித்தார், கட்டியவர் கணேசுவராசாரி. அதே ஆண்டில்தான் இபின் பதூதா என்ற அராபிய யாத்திரிகர் இலங்கையில் இறங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியுடன் பாவா ஆதம் மலைக்கு ஏறினார். அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. பாண்டியப் பேரரசு வீழ்ந்துவிட்ட காலம். தென்னாட்டுச் சிற்பிகள் கடல் கடந்து வேலை தேடியிருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை.

வண்டியில் ஏறியதும் எங்கள் குழுவினர் ஒருவர் பெருமிதத்துடன், "பார்த்தீர்களா, எல்லாம் நம்மவர் கட்டியது!" என்றார். பலரும் தலையசைத்தனர். என் மனைவி மட்டும், "கட்டச் சொன்னவர் யார்? கட்டியவர்களுக்கு நெல் அளந்தவர் யார்? இத்தனை நூற்றாண்டு விளக்கேற்றியவர் யார்?" என்று கேட்டாள். வண்டி சிறிது நேரம் அமைதியாக ஓடியது.

அந்தக் கேள்வி கண்டி நகருக்குள்ளும் எங்களைத் தொடர்ந்தது. ஏரிக்கரையில் தலதா மாளிகை. புத்தரின் தந்த தாதுவைப் போற்றி வைத்திருக்கும் அந்த மாளிகை, பௌத்த உலகம் முழுவதற்கும் புனிதமானது. அதன் முகப்பிலுள்ள எண்கோண மண்டபத்தை அமைத்தவர் தேவேந்திர மூலாசாரி. அமைப்பித்தவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ஏரியும் அவன் வெட்டியதே. முடிசூடு முன் அவனுக்குக் கண்ணுசாமி என்று பெயர்.

1739-இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசின்றி மறையவே, அவனுடைய பட்டத்தரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறினான். அவன் மதுரை நாயக்கர் வழியினன். அது முதல் 1815 வரை நாயக்கர் நால்வர் கண்டியை ஆண்டனர். அவர்களைத் தமிழ் மன்னர் என்று ஒரே சொல்லில் முடிப்பாரும் உளர். அவர்கள் குடும்ப மொழி தெலுங்கு. பழகிய மொழி தமிழ். ஆண்டது சிங்கள நாடு. காத்தது பௌத்த சமயம். ஒரு சொல்லுக்குள் அடங்கும் வாழ்வன்று அது.

அவர்களுள் இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனை (1747–1782) மாணவர் அனைவரும் அறிய வேண்டும். அவன் பட்டமேறியபோது இலங்கையில் உபசம்பதை பெற்ற பிக்குகள் அற்றுப்போயிருந்தனர். ஒருவருக்கு உபசம்பதை அளிக்க அதைப் பெற்ற பிக்குகள் ஐவரேனும் கூடவேண்டும். ஐவர் என்ன, ஒருவரும் இல்லை. வெலிவிட்ட சரணங்கரர் என்ற துறவி மன்னர்களைத் தூண்டியவண்ணம் இருந்தார். முந்தைய மன்னன் காலத்தில் சீயத்துக்குப் புறப்பட்ட தூதர் கப்பல் ஒன்று கடலில் உடைந்தது. கீர்த்தி ஸ்ரீ சோர்ந்துவிடவில்லை. ஒல்லாந்தர் கப்பலில் தூதர் சென்றனர்; அயோத்தியா நகரிலிருந்து உபாலி தேரர் பிக்குகளுடன் 1753-இல் கண்டிக்கு வந்தார். அவ்வாண்டே மல்வத்தை விகாரையில் உபசம்பதை மீண்டும் நிகழ்ந்தது. சீயத்துக்குத் தேரவாதத்தை முன்னொரு காலத்தில் கொடுத்தது இலங்கையே. கொடுத்த கடன் திரும்பி வந்தது. பதினான்கே ஆண்டுகளில், 1767-இல், பர்மியப் படையால் அயோத்தியா அழிந்தது. ஏற்றிய விளக்கு மட்டும் கண்டியில் எரிந்துகொண்டிருந்தது.

இத்தனையும் செய்த மன்னன் நெற்றியில் நீறு பூசுவதை விடவில்லை. அது சிலருக்கு ஆகவில்லை. 1760-இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது; பிரபுக்களும் பிக்குகளும் அதில் இருந்தனர். பிரபுக்கள் தண்டனை பெற்றனர். சரணங்கரரும் சிறைப்பட்டார், ஆனால் பின்னர் விடுதலையாகிப் பழைய சிறப்பை அடைந்தார். அதன் பிறகும் மன்னன் விகாரைகளைக் கட்டிக்கொண்டே இருந்தான். கண்டிக்கு அருகே தெகல்தொருவ குகைக் கோயிலைத் தொடங்கியவன் அவனே. அதில் சில்வத்தென்ன என்ற துறவி தீட்டிய சாதகக் கதை ஓவியங்களை இன்றும் காணலாம்.

எசல பெரஹெரவுக்கு இன்றுள்ள வடிவத்தை அளித்தவனும் அவனே. அதற்குமுன் அது நாத, விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்தது. சீயத்துப் பிக்குகள் இதைக் கண்டு ஐயுறவே, தந்த தாதுவை ஊர்வலத்தின் முன்னே எழுந்தருளச் செய்தான். தெய்வங்களை அவன் விலக்கவில்லை, பின்வரச் செய்தான். இறுதியில் வருபவள் பத்தினி. அவள் நம் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கண்ணகிக்குக் கண்டியில் கோயில் இருப்பதும், சிங்களப் பெண்கள் அவள்முன் நோய் தீர வேண்டி நிற்பதும், பார்த்த பிறகே மனத்தில் பதிகின்றன.

ஆனால் மாளிகை வாயிலில் சோதனைச் சாவடி நிற்கிறது. 1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகளின் வெடிகுண்டு வாகனம் அங்கே வெடித்தது, பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர், முகப்பு சிதைந்தது. இன்று செப்பனிட்ட இடம் தெரியாதபடி இருக்கிறது. வழிகாட்டியிடம் அதைப் பற்றி நானே கேட்டேன். அன்று அவர் பள்ளி மாணவர். வீட்டுச் சன்னல்கள் அதிர்ந்தது நினைவிருப்பதாகச் சொன்னார். சிறிது பொறுத்து, "1983-இல் எங்கள் தெருவில் தமிழர் கடை எரிந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும் ஐயா. ஒன்றை மட்டும் சொன்னால் அது சண்டையாகிவிடும்" என்றார். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கல்லைப் பங்கு போடுவது எளிது. தூண் எங்களுடையது, தெய்வம் உங்களுடையது என்று பிரித்துவிடலாம். லங்காதிலகப் பாறை அந்தப் பிரிவினைக்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே அமைச்சர் சிங்களர், சிற்பி தென்னாட்டவர், ஆணை இருமொழியில். இருமொழியிலும் எழுதினார்கள் என்றால், இருமொழியினரும் படிப்பார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் பின்வந்தவர்கள் பொய்யாக்கினோம். இலங்கையின் தேசியக் கொடியிலுள்ள வாளேந்திய சிங்கம், கண்ணுசாமி என்ற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியிலிருந்து வந்தது என்பதை இரு நாட்டுப் பாடநூல்களும் ஒரு வரியில் சொன்னாலும் போதும். வகுப்பில் ஒரு மாணவனாவது நிமிர்ந்து உட்காருவான்.

அம்மன்னன் குற்றமற்றவன் அல்லன். 1814-இல் எகலப்பொலையின் குடும்பத்தாரைக் கொன்ற கொடுமையைச் சிங்கள மக்கள் மறக்கவில்லை; மறக்கவும் வேண்டியதில்லை. பிரபுக்கள் அவனைக் கைவிட்டனர். 1815 பெப்ரவரியில் பிடிபட்டான். மார்ச் 2-ஆம் நாள் உடன்படிக்கையால் அரசு கைமாறியது. அவனை வேலூர்க் கோட்டையில் வைத்தனர். 1832-இல் அங்கேயே இறந்தான்.

கண்டிக்குச் செல்லப் பொருளும் பொழுதும் எல்லோருக்கும் வாய்க்கா. வேலூருக்குச் செல்வது எளிது. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் அம்மன்னனுக்கு நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது அங்கும் அரைமணி நேரம் நிற்கலாம். பௌத்த நாடொன்றின் கடைசி அரசன் தமிழ்நாட்டு மண்ணில் உறங்குவது எப்படி என்று யாரேனும் ஒரு பிள்ளை கேட்கும். விடை சொல்லத் தொடங்கினால் கம்பளைப் பாறைகள்வரை போகவேண்டியிருக்கும், போகலாம்.