தாய்க்கலம் ஏன் தரையிறங்குவதில்லை?

விண்வெளிக் கதைகளில் பெரிய கலம் மேலேயே நிற்கும். அதன் வயிற்றிலிருந்து சிறு ஓடம்தான் கோளில் இறங்கும். ஏன்? தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினத்துப் பெரியவர்களுக்கு இது புதிரே அல்ல. ஆழம் போதாத தூத்துக்குடிக் கரைக்கு வெளியே கப்பல்கள் நங்கூரமிட, தோணிகள்தானே சரக்கைக் கரைசேர்த்தன!

நிலவில் சிக்கல் வேறு. காற்றில்லை, பாராசூட் உதவாது. நொடிக்குச் சுமார் 1.7 கி.மீ. வேகத்தை எஞ்சினை எதிர்த்திசையில் எரித்தே அடக்கவேண்டும். இறங்கும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளைத் தின்னும். அதனால்தான் சந்திரயான்-3இன் உந்துகலம் தரையிறங்காமல் சுற்றுப்பாதையிலேயே நின்றது. அதிலிருந்து 2023 ஆகஸ்ட் 17இல் பிரிந்த தரையிறங்குகலம் விக்ரம், 23இல் தரைதொட்டது. அதன் வயிற்றுக்குள்ளும் ஒரு குட்டி: 26 கிலோ ஊர்தி பிரக்யான். சாய்பலகையில் உருண்டிறங்கிய அது, பூமியோடு நேராகப் பேசவில்லை, விக்ரம் வழியாகத்தான் பேசியது.

தோணிகள் ஓடிய அதே கரையோரம், காயல்பட்டினத்துக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து கிளம்பப்போவது சிறிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள்.