கத்தியில் ஒட்டும் பழம்

"மூட்டு அழற்சிக்குத் தினம் ஒரு கிரேப்ஃப்ரூட் நல்லதாமே? கொலஸ்டிரால் மாத்திரையும் போடுகிறேன், சாப்பிடலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இப்பழத்துக்குக் கசப்பைத் தரும் நாரிஞ்சின் அழற்சியைத் தணிக்கிறது என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை செல்களிலும் எலிகளிலும் நடந்தவை. அங்கே கொடுக்கும் அளவு, பழம் சாப்பிட்டவரின் ரத்தத்தில் சேர்வதில்லை. வைட்டமின் சி, நார்ச்சத்து இரண்டும் நல்லவைதான். அவற்றுக்கு நம் கொய்யாவே போதும்.

இரண்டாம் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து மதுவோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்ற ஆய்வைக் கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி குழுவினர் நடத்தி, 1989இல் வெளியிட்டார்கள். மதுவின் ருசி தெரியாதிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. காரணம் சாறு. வரலாறு இவ்வளவு போதும்.

குடல் சுவரின் செல்களில் சிஒய்பி3ஏ4 என்றொரு நொதி உண்டு. விழுங்கிய மருந்து ரத்தத்தில் கலக்குமுன் கணிசமான பங்கை அது சிதைத்துவிடும். ஃபெலோடிபினில் சுமார் 15 சதவீதம்தான் குடலையும் கல்லீரலையும் தாண்டும். மாத்திரையின் மில்லிகிராம் இந்தச் சேதாரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு.

பழத்திலுள்ள பெர்கமோட்டின் போன்ற ஃபுரானோகூமரின்களையும் நொதி அதே வேகத்தில் சிதைக்கப் போகிறது. பாதி வேலையில் அந்த மூலக்கூறு வீரியம் பெற்று, நொதியையே பற்றிக்கொள்கிறது. எண்ணெய் தடவாமல் பலாப்பழம் அறுத்தால் கத்தியில் பால் அப்பிக்கொள்ளுமே, அப்படி. வீட்டுக் கத்தியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடலாம். உடலிலோ, பிசின் பிடித்த கத்தியைத் தூக்கியெறிந்துவிட்டுப் பட்டறையில் புதிது அடிக்கச் சொல்ல வேண்டும். புதுக் கத்தி வந்து சேர ஓரிரு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும். அதுவரை மருந்து முழுசு முழுசாக உள்ளே போகும்.

இதை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், சில நாள் சாறு குடித்தவர்களின் சிறுகுடலிலிருந்து துளித் திசு எடுத்தார்கள். நொதி 62 சதவீதம் குறைந்திருந்தது. அதைச் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏ குறையவில்லை. பட்டறை ஓடிக்கொண்டேதான் இருந்தது!

ஆகவே, "மாத்திரைக்கும் பழத்துக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்" என்ற யோசனை பயன்படாது. வாசகரின் மாத்திரை அட்டையில் சிம்வாஸ்டாட்டின் என்றிருந்தால் பழமே வேண்டாம். அளவு ஏறினால் தசை சிதையும், சிறுநீரகமும் கெடலாம். அடோர்வாஸ்டாட்டினில் பாதிப்பு குறைவு, ஆனாலும் மருத்துவரைக் கேளுங்கள். ரோசுவாஸ்டாட்டினை இந்த நொதி பெரிதாகத் தொடுவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸில் ஆபத்து இன்னும் அதிகம். குடல் அழற்சிக்கு விழுங்கும் புடெசோனைடு ஸ்டீராய்டும் இச்சாற்றால் ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அழற்சி குறையப் பழம் சாப்பிடச் சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

நம் பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட்டின் தாய்வழி. ஃபுரானோகூமரின் அதிலும் உண்டு. கமலா ஆரஞ்சில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வாமைக்குப் போடும் ஃபெக்சோஃபெனடினில் கதை தலைகீழ்: மருந்தைக் குடலிலிருந்து உள்ளே ஏற்றும் புரதத்தைப் பழச்சாறு தடுத்துவிடுவதால் ரத்தத்தில் அளவு குறைகிறது. கிரேப்ஃப்ரூட் மட்டுமல்ல, ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகளும் இதைச் செய்யும். அந்த மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள்.